எனக்காக உடைத்துத் தந்த ஆங்கிலம்

பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்ற வட்டாரத்தில் கடலைப் பார்த்த ஒரு கொண்டோ அடுக்குமாடி வீடு. படுக்கையறை ஏர்கோனில் குளிர் வரவில்லை என்று எங்கள் ரிப்பேர் கடைக்குச் சொல்லியிருந்தார்கள். நான் போய் மணியடித்தபோது கதவைத் திறந்த பெண்மணி காதில் போனை வைத்திருந்தார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தோடு ஏதோ தகராறு. வாக்கியம் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு 'வுட்', அங்கே ஒரு 'கைண்ட்லி'. கேட்க இதமாகத்தான் இருந்தது. பேசி முடித்து, போனை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், திஸ் ஒன் ஆ, நோ கோல்டு. பிஃபோர் கேன், நவ் கேனாட். யூ சீ, யூ சீ."

அதே வாய். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவ வேண்டும், மதியம் ஆகிவிடும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். சொற்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன என்று நினைக்கிறேன். அவர் உன்னிப்பாகக் கேட்டார். பிறகு குரலை உயர்த்தி, "ஓ, இன்சைட் டர்ட்டி ஆ? யூ வாஷ் ஆ? லாங் டைம் ஆ?" என்றார்.

நான் முழுதாகக் கொடுத்ததை வாங்கி, உடைத்து, எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் என்ன இனம் என்று சொல்லப்போவதில்லை. சீனர் வீட்டிலும் இது நடக்கிறது, மலாய்க்காரர் வீட்டிலும் நடக்கிறது, நம்மவர் வீட்டில் கொஞ்சம் தாராளமாகவே நடக்கிறது. கேட்டால் நல்ல எண்ணம் என்பார்கள். வேலைக்கு வந்த ஆளுக்குப் புரிய வேண்டாமா? குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற மாதிரி ஆங்கிலத்தையும் பிசைந்து ஊட்டுகிறார்கள். எனக்குப் பல் இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

என் படிப்பு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு சரி. அதற்குப் பிறகு நான் ஆங்கிலம் கற்றதெல்லாம் அடுத்தவர் படுக்கையறைகளில். ஏணிமேல் நிற்கிறவனுக்குக் காது கிடையாது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. புருஷனும் பெண்டாட்டியும் என் காலுக்குக் கீழே நின்று சண்டை போடுவார்கள். வக்கீலோடு ஒரு ஆங்கிலம், வங்கியோடு ஒன்று, மாமியாரோடு ஒன்று, வேலைக்காரப் பெண்ணோடு ஒன்று. அத்தனையையும் கேட்டுக்கொண்டே திருகாணி கழற்றியிருக்கிறேன். ஆனால் பேச்சு எனக்கு வராது. எந்த மொழியிலும் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். பேசாதவனுக்குப் புரியவும் புரியாது என்று முடிவுகட்டிவிடுவது இந்த ஊரில் வழக்கம்.

எங்கள் கடை முதலாளி, தவுக்கே, சீனர். அவருக்கு ஆங்கிலத்தில் சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் அவர் யாரிடம் பேசினாலும் அதே சொற்கள்தான். வங்கி மேனேஜர் வந்தாலும் 'கேன்', நான் லீவு கேட்டாலும் 'கேன்'. வேண்டாமென்றால் 'கேனாட்'. அந்த மனிதரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு சட்டை வைத்திருப்பவன் அதைத் துவைத்துப் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை. அதன் ஏர்கோன்கள் எங்கள் பொறுப்பு. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிட மூத்தவர். வெள்ளைக்காரர்கள் வந்தால், "யெஸ் மை ஃப்ரெண்டு! வெரி ஸ்பைசி, வெரி நைஸ், சிட் சிட்!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடுவார். ஒரு நாள் நான் மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது வெளிநாட்டில் படிக்கும் மகனைப் போனில் திட்டினார். அப்படி ஓர் ஆங்கிலத்தை நான் நீதிமன்றத்தில்தான் கேட்டிருக்கிறேன். அங்கே ஏர்கோன் சர்வீசுக்குப் போயிருந்தபோது. இறங்கி வந்து கேட்டேன்.

"என்னண்ணே, இவ்ளோ நல்லா பேசுறீங்க. வெள்ளக்காரன்கிட்ட மட்டும் ஏன் அப்படித் தடுமாறுறீங்க?"

"தம்பி, அவன் பிளேன் ஏறி வந்தது என் கிராமரக் கேக்கவா? கறி திங்க வந்திருக்கான். நான் ஒழுங்கா பேசுனா, 'இது நெசமான கட இல்ல, பெரிய ஓட்டல்'னு எந்திரிச்சுப் போயிருவான். நாலு வார்த்தைய ஒடச்சுப் போட்டாத்தான் மீன் தலைக்கு மதிப்பு."

அவர் உடைப்பது வியாபாரத்துக்கு. அதுவும் தன்னைத்தான் உடைத்துக்கொள்கிறார், எதிரில் இருப்பவனை அல்ல. அதனால் அவரையும் விட்டுவிடுகிறேன்.

என் மனைவியின் அண்ணனைத்தான் விட முடியவில்லை. அரசாங்க அலுவலகத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆங்கிலம் மாவு மாதிரி. ஆள் யார் என்று பார்த்துப் புளிக்கும். பக்கத்து வீட்டுச் சீனரோடு சாதாரணமாக, வாக்கியக் கடைசியில் 'லா' போட்டு, பேசிக்கொண்டிருப்பார். படித்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிய ஆரம்பித்துவிடும். 'மழை வரும்போல' என்று சொல்வதற்குக்கூட அவருக்கு ஒரு முன்னுரையும் முடிவுரையும் வேண்டும்.

என் மகளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குரல் உண்டு. பத்து காவான் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் பொறியாளராக இருக்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போது, "அம்மா, பசிக்குது லா, என்னா இருக்கு?" என்பாள். போன் அடித்தால் முதுகு நிமிர்ந்துவிடும். குரல் மூக்குக்குப் போய்விடும். பேசி முடித்ததும் முதுகு மறுபடி வளையும். "ஆபீஸ் வாய்ஸ்பா" என்பாள், செருப்பைக் கழற்றிப் போடுவது மாதிரி. சம்பளம் அந்தக் குரலுக்குத்தான் தருகிறார்கள் என்பதால் நான் ஒன்றும் சொன்னதில்லை.

தன்னோடு வேலை செய்யும் பையனை விரும்பினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அலுவலக உத்தியோகம், ஜார்ஜ் டவுனில் சொந்த வீடு, வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம். பையனின் அம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அப்பாவுக்குத் தமிழ் கோயில் வாசலோடு சரி. பையன் நல்லவன். என்னிடம் மற்ற மனிதர்களிடம் பேசுவது மாதிரிதான் பேசினான்.

பெண் கேட்க எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டுக்கு வந்தார்கள். மச்சானும் வந்து வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பாவும் அவரும் பழைய கால உத்தியோகம், ஓய்வூதியம் என்று தடையில்லாமல் பேசினார்கள். அந்த மனிதரின் ஆங்கிலம் உண்மையிலேயே அழகானது. பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒரு மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

"யூ டூ ஏர்கோன் ஆ? ஹாட் கன்ட்ரி, குட் பிசினஸ்! எவ்ரி டே கிளைம், கிளைம்... நோ டயர்ட்?"

கிளைம் என்று சொல்லும்போது இரண்டு கையாலும் ஏணி ஏறிக் காட்டினார். எனக்கு அந்த வார்த்தை விளங்காமல் போய்விடக் கூடாதே என்று.

பழகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "குட், குட்" என்று என் முழங்காலில் தட்டினார். என் மனைவி வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "திஸ் ஒன் யூ மேக்? ஓன் செல்ஃப்?" என்றார் அவளிடம். "ஆமாங்க, நான்தான் சுட்டேன்" என்றாள் அவள். அவர் மொழிபெயர்ப்புக்காகத் தன் மனைவியைப் பார்த்தார்.

அவர்கள் போனதும் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஏன் அவரு கொழந்தப் புள்ளகிட்ட பேசுற மாதிரி பேசுறாரு?"

"அது மரியாத" என்றார் மச்சான். "நமக்குப் புரியணும்னு எறங்கி வந்து பேசுறாரு. எல்லாருக்கும் அந்த மனசு வராது."

"எறங்கி வர்றதுக்கு இவரு எந்த மாடியில இருந்தாராம்? லிப்ட்ல ஏறி நம்ம வீட்டுக்குத்தான வந்தாரு."

மச்சான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். என் மகள் யாரையும் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் வாயிலிருந்து ஒரு லா வரவில்லை என்பதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். பிறகு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோதும் வரவில்லை. எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற பெண், அங்கே சோபாவின் நுனியில் ஆபீஸ் குரலோடு உட்கார்ந்திருந்தாள்.

அன்று அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். சாப்பிட அழைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் சாப்பாடு என்பது பேச்சு, பானம், பாட்டு, மறுபடி பேச்சு எல்லாம் முடிந்து கடைசியில் வருகிற விஷயம். என் மகளின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பையன் ஏதோ கேட்டதற்கு வெடுக்கென்று பதில் சொன்னாள். அவன் முழித்தான். என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் பசி தாங்க மாட்டாள். கைக்குழந்தையிலிருந்து அப்படி. பசித்தால் உலகமே அவளுக்கு எதிரி. சாப்பிட்டு முடித்தால் சண்டை போட்டதே நினைவிருக்காது. எனக்கும் என் மனைவிக்கும் இதைப் புரிந்துகொள்ள வருடக்கணக்கானது. இந்தப் பையனுக்கு யார் சொல்வது?

கல்யாணம் கோயிலில். அதற்குப் பிறகு ஹோட்டலில் விருந்து, அவர்கள் ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒன்னு கேப்பேன், கோவப்படக் கூடாது."

"என்னம்மா."

"டின்னர்ல பொண்ணு சைட்ல ஒருத்தவங்க ஸ்பீச் குடுக்கணும். மாமா பேசட்டுமா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "பொண்ணப் பெத்தவரு இங்க இருக்காரு, மாமா எதுக்கு?" என்றாள்.

"அவங்க சைட்ல ஆஸ்திரேலியாலேர்ந்தெல்லாம் வர்றாங்கம்மா. யாருக்கும் தமிழ் தெரியாது. அப்பாவுக்கே கஷ்டமா இருக்கும்ல."

"மாமாவே பேசட்டும்மா" என்றேன். பழக்கதோஷம். பேச வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது நிம்மதிதான்.

ஆனால் அதைக் கேட்டதும் அவள் தோள் இறங்கியது. அவ்வளவு பெரிய பாரம் இறங்கின மாதிரி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாரம் நான்தான்.

மறு வாரமே மச்சான் தன் உரையை எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். வணக்கம் சொல்லி முடிக்கவே போனில் ஒரு பக்கம் ஓடியது. அதில் அவருடைய அரசாங்க சேவை வந்தது. இரண்டு புகழ்பெற்ற குடும்பங்கள் வந்தன. அதில் நாங்கள் எப்போது புகழ்பெற்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. கடவுள் வந்தார். என் மகள் 'மணப்பெண்' என்ற சொல்லாக மட்டும் வந்தாள். அவள் பசியைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து காவானில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு தீவிலிருந்து கடலைக் கடக்கும் இரண்டாவது பாலத்தின்மேல் வேனில் போய்க்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்கிறவன் என் வயதுச் சீனன். நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலமா மலாயா என்று எங்களுக்கே தெரியாது. பாதி வாக்கியத்தில் பாலம் ஏறி மறுகரைக்குப் போய்விடுவோம். அவனுக்கு மச்சானின் உரையைப் படித்துக் காட்டினேன்.

"பிரதர், திஸ் ஒன் லாயர் லெட்டர் லா" என்றான். "பீப்பிள் ஈட்டிங், யூ ரீட் லாயர் லெட்டர், சூப் ஆல்சோ கோல்டு."

கடல் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவதாக இருந்தால் என்ன சொல்வேன் என்று அவனிடம் சொன்னேன். வணக்கம். வந்ததற்கு நன்றி. என் மகளுக்குப் பசி வந்தால் கோபம் வரும். அவள் கோபமாக இருந்தால் பதில் பேசாதீர்கள், முதலில் சாப்பாடு கொடுங்கள், பிறகு பேசுங்கள். அவ்வளவுதான்.

அவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "திஸ் ஒன் கேன். ஷார்ட். இன்சைட் காட் ஃபூட் சம் மோர்."

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம், "டின்னர்ல நானே பேசுறேன்" என்றேன்.

"தமிழ்லயாப்பா?"

"இங்கிலீஷ்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. பயம்தான் கூடுதல். "ப்ளீஸ்பா. சின்னதா" என்றாள். மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பவன் என்பதால் அது நடந்ததே பலருக்குத் தெரியாது.

விருந்துக் கூடத்தில் ஏர்கோனை உறைபனிக்கு வைத்திருந்தார்கள். பட்டுப்புடவைகளெல்லாம் நடுங்கின. நிகழ்ச்சியை நடத்த, எம்சியாகக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். நம் பெண்தான். மேடைக்குப் பக்கத்தில் போனில் தன் அம்மாவிடம், "சாப்ட்டேம்மா, வெச்சிர்றேன்" என்று சொன்னதை நானே கேட்டேன். மைக்கைத் தொட்டதும் அமெரிக்காவில் பிறந்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் போட்டு உருட்டி, ரப்பர் மாதிரி இழுத்து விட்டாள். மொத்தக் கூடத்தில் ஒரு அமெரிக்கரும் கிடையாது.

முதலில் சம்பந்தி பேசினார். தன் பக்கத்து மேசைகளைப் பார்த்து நகைச்சுவையாக, நிதானமாக, எழுதிவைத்துக்கொள்ளலாம் போன்ற ஆங்கிலத்தில் பேசினார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு உடம்பையே திருப்பி எங்கள் மேசைகளைப் பார்த்தார். நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த என் சொந்தங்கள் உட்கார்ந்திருந்த பக்கம். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். எங்களுக்குக் காதும் மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ.

"டுடே வி... வெரி ஹேப்பி லா! யூ ஆல் கம் ஃபார்-ஃபார். ஈட், ஈட்! நோ நீட் ஷை-ஷை!"

எங்கள் ஆட்களில் சிலர் கைதட்டினார்கள். அதுதான் எனக்கு அவர் பேசியதைவிட எரிச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா என் காதருகே குனிந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது, ஆனால் தொலைக்காட்சி பார்ப்பவள்.

"ஏன்டா, ஒன் சம்பந்திக்கு இங்கிலீசு சரியா வராதா? பாவம், நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. நடுவுல மறந்துருச்சு போல."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடைக்கு ஏறினேன். மகள் மாலையோடு உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கின் முன் நின்றேன். அந்த எம்சி பெண் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள், போகவில்லை. ஏன் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நான் தமிழில்தான் பேசுவேன் என்று சம்பந்தி அவளிடம் சொல்லி, உடனுக்குடன் மொழிபெயர்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று. இது பிறகுதான் தெரிந்தது.

எல்லாருக்கும் மாலை வணக்கம், நான் மணப்பெண்ணின் அப்பா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன்.

"ஓ மை காட், குட் ஈவ்னிங், பினாங்!" என்றாள் எம்சி. அங்கிள் மணப்பெண்ணின் அப்பாவாக இங்கே நிற்பதில் மிக மிகப் பெருமை அடைகிறார் என்று ஆங்கிலத்தில் நீட்டினாள்.

சரி, ஒரு முறை பழக்கத்தில் வந்துவிட்டது, நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து வந்த எல்லாருக்கும் நன்றி என்றேன், ஆங்கிலத்தில். அவள் அதையும் வாங்கி, கழுவி, வாசனை தெளித்து, ஆங்கிலத்தில் கொடுத்தாள். கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் விசேஷம். சம்பந்தி பக்கத்து மேசைகள் நான் பேசும்போது என்னைக் கனிவாகப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு அவளைப் பார்த்தார்கள். ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதில் அவர்களுக்கு ஒரு விநோதமும் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன மொழி வரும் என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். காது முகத்தை மீறிப் போகவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். என் மகளுக்குப் பசி வந்தால் கோபம் வரும். அவள் கோபமாக இருந்தால் பதில் பேசாதீர்கள். முதலில் சாப்பாடு கொடுங்கள்.

எம்சி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பல்லெல்லாம் தெரிய, "சோ அங்கிள் சேஸ், தி பிரைட் இஸ் அ டோட்டல் ஃபூடி!" என்றாள்.

கூடமே சிரித்தது. கைதட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள் கிளாஸை உயர்த்தினார்கள்.

ஒரு மகளைப்பற்றி அப்பனுக்குத் தெரிந்திருந்த ஒரே உருப்படியான விஷயம் அப்படித் தின்பண்டமாகிவிட்டது. நான் திரும்பி இறங்கப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், இறங்க ஒரு கால் வைத்தும் விட்டேன்.

"ஏய், என்னா லா நீ! எங்கப்பா இங்கிலீஷ்லதான பேசுறாரு! நீ எதுக்கு நடுவுல மூக்க நீட்டுற?"

என் மகள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது. எம்சியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கப்போய், தன் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள். எங்கள் பிளாட்டின் கீழே மீன் வண்டிக்காரரோடு சண்டை போடும் அதே குரல் கூடத்தின் எல்லா மூலைக்கும் போனது. பேசி முடித்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. முகம் சிவந்தது. இத்தனை மாதம் சோபா நுனியில் உட்கார்ந்து காப்பாற்றியது ஒரே வாக்கியத்தில் போனது.

நிபோங் திபால் மேசையில் யாரோ விசிலடித்தார்கள். சம்பந்தி மேசையில் முள்கரண்டிகள் அப்படியே நின்றன.

"அப்பா, நீங்க பேசுங்க" என்றாள், மெதுவாக.

நான் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும், கூடத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். அவள் கோபமாக இருந்தால் முதலில் சாப்பாடு கொடுங்கள். என் ஆங்கிலம் உதறியதோ என்னவோ, அவன் தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை. அது போதும். இறங்கிவிட்டேன்.

விருந்து முடிந்து வாசலில் நின்றபோது சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெரி குட்! யூ டாக் வெரி நைஸ்! எவ்ரிபடி லைக்!" நடந்தது எதுவும் அவருக்குள் போகவில்லை. மச்சான் அவர் பின்னால் நின்று, இந்த அவமானத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், அதுவரை என் மகளோடு பெரிய பெரிய சொற்களில் பேசிக்கொண்டிருந்தவர், அவள் தோளைத் தடவி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"யூ... டயர்ட்... ஆ? கோ... ரெஸ்ட்."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உடைத்த ஆங்கிலம் வாங்குகிறவர்கள் வரிசையில் அவளுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவள் போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான். ஆனால் குரல் எங்கள் வீட்டுக் குரலாக இருந்தது.

"அப்பா, இங்க ஹால் ஏர்கோன் தண்ணி ஒழுகுது. மாமனார் ஒங்களக் கூப்புடச் சொன்னாரு. 'டெல் யுவர் ஃபாதர், எனிடைம் கம், வி பே'ன்னாரு."

போகிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தப் பழக்கதோஷம் இன்னும் போகவில்லை. "நாளைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒன்னும் வர வேணாம். நான் அப்பவே சொல்லிட்டேன். எங்கப்பா இந்த வீட்டுக்கு வந்தா உக்கார வெச்சு சாப்பாடு போடணும். ஏர்கோன் கழுவணும்னா கடைக்குப் போன் பண்ணுங்க, வேற ஆளு அனுப்புவாங்க. அப்படின்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஏர்கோனத் திரும்பிப் பாத்தாரு. அந்த 'டயர்ட் ஆ' அத்தைதான் 'வாட் ஷீ சே?'ன்னாங்க. ஒங்க மாப்பிள்ள எந்திரிச்சுப் போயி எனக்குச் சோறு போட்டுட்டு வந்தாரு."

என் மனைவி பக்கத்திலிருந்து என்ன என்ன என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ்லயா சொன்ன?" என்றேன்.

"ரெண்டுலயும்" என்றாள்.

தமிழும் ஆங்கிலமுமா, முழு ஆங்கிலமும் உடைத்ததுமா, எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை.